மாத்திரையும் ஆவியின் கனியும்



இந்த மாதம் எழுப்புதல் செய்தியாக ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க ஏவப்பட்டேன். ஞாயிறு ஆராதனையில் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற காரியமாக இது எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன். நிதானமாக வாசியுங்கள். உங்கள் வீட்டில் தலையில் அடிபட்டு மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், இரண்டு தரம் வாசியுங்கள்.

கேள்வியைக் கேட்டது நம்மில் ஒரு சகோதரி. பேர் வேண்டாம். அவருடைய கணவர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வரும்போது விழுந்தார். ஹெல்மெட் இல்லை. தலையில் பலத்த அடி. ஆபரேஷன் ஆனது, நாமெல்லாரும் உபவாசித்து ஜெபித்தோம், கர்த்தர் உயிரோடு திரும்பத் தந்தார். ஆனால் வீட்டுக்கு வந்த மனுஷன் பழைய மனுஷனாக இல்லை. சாந்தமாக இருந்தவர் தட்டைத் தூக்கி எறிந்தார். பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் அமைதி வந்தது. சபையில் பலரும், "சாட்சி சொல்லுங்க சிஸ்டர், கர்த்தர் அவரை மாத்திட்டார்" என்றார்கள். சகோதரி மட்டும் கூட்டம் முடிந்து தனியாக வந்து என்னிடம் கேட்டார்:

"பாஸ்டர், எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துது. மாத்திரை போட்டு வர்ற பொறுமை ஆவியின் கனியா? மாத்திரையை நிறுத்தினா அந்தப் பொறுமை போயிடும்னா, அது யாரோட பொறுமை?"

தேவ ஜனமே, இதை லேசாக எண்ணாதீர்கள். காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடலாமா கூடாதா என்ற பழைய கேள்வியைவிட இது ஆழமானது. காய்ச்சல் சரீரத்தில் வருகிறது. நம் மனசு தள்ளி நின்று அதைப் பார்க்கிறது, ஜெபிக்கிறது, விசுவாசிக்கிறது. தலைக்காயத்தில், ஜெபிக்க வேண்டிய அந்த மனசே அடிபட்ட பாத்திரத்துக்குள் இருக்கிறது. அப்படியானால் அவன் விசுவாசம் எங்கே? அவன் கோபம் பாவமா, காயமா? அவன் சாந்தம் கிருபையா, மருந்தா?

தலைக்குள் நடப்பது என்ன?

மூளை மிகவும் மிருதுவான அவயவம். கடினமான மண்டை ஓட்டுக்குள் தேவன் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். வேகமாக விழும்போது அது அந்த ஓட்டிலேயே மோதுகிறது. இரத்தம் கசியும், வீக்கம் வரும், உள்ளே அழுத்தம் ஏறும். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி கோபத்தை அடக்கவும், யோசித்துப் பேசவும், ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கவும் துணை செய்கிறது. அங்கே அடிபட்டால் ஒருவர் சீக்கிரம் சீறுவார்; இன்னொருவர் எதிலும் நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மறதி வரும். சிலருக்கு வலிப்பு வரும். வெளியே தையல் போட்ட இடம் ஆறி முடி முளைத்துவிடும். பார்க்கிறவர்கள், "ஆள் நல்லாத்தானே இருக்கான், ஏன் இப்படி நடந்துக்கறான்?" என்பார்கள்.

அப்புறம் நம்மவர்களில் சிலர் அடுத்த வார்த்தை சொல்வார்கள்: "இது பிசாசு." பிரியமானவர்களே, பிசாசு உண்டு, இயேசுவின் நாமத்துக்கு முன் அவன் நிற்கமாட்டான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மத்தேயு 4:24-ஐத் திறந்து பாருங்கள். ஆண்டவரிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது, பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும், சந்திரரோகிகளைத் தனியாகவும், திமிர்வாதக்காரரைத் தனியாகவும் வேதம் எண்ணுகிறது. ஒருவர், "மத்தேயு 17-ல் சந்திரரோகியான பையனிடமிருந்து பிசாசை ஆண்டவர் துரத்தினாரே?" என்று கேட்கலாம். துரத்தினார், அங்கே இருந்ததை அவர் அறிந்திருந்தார். எல்லா வலிப்பும் அதுதான் என்று அவர் சொல்லவில்லை. பைக்கிலிருந்து விழுந்த நாளில் தொடங்கி, ஸ்கேனில் காயம் தெரிகிற ஒரு மனுஷனைப் பார்த்து நாம் பிசாசு என்று தீர்ப்புச் சொன்னால், அது ஆவிகளைப் பகுத்தறிகிற வரம் ஆகாது. அது நம் அவசரம்.

மருந்து எவ்வளவு செய்யும்?

சபையில் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டத்துக்கு மருந்து என்றாலே அவிசுவாசம். இன்னொரு கூட்டத்துக்கு மருந்துதான் எல்லாம். ஜெபம் ஒரு சடங்கு. இரண்டு கூட்டத்துக்கும் சொல்ல உண்மையான செய்திகள் உண்டு.

தலைக்காயம் பட்டவர்களுக்கு வலிப்பைத் தடுக்க பெனிட்டாயின் கொடுப்பார்கள். நம் மெடிக்கல் ஷாப்பில் எப்டாயின் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1990-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர்கள், பலத்த தலைக்காயம் பட்ட 404 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. முதல் ஒரு வாரத்தில் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு வலிப்பு வந்தது. மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் வந்தது. ஆனால் அதற்குப் பின் இரண்டு வருஷம் வரை கவனித்தபோது, முன்கூட்டியே தடுப்பதில் மருந்துக்குப் பலன் காணப்படவில்லை. ஆகவே வலிப்பே வராதவர்களுக்கு ஒரு வாரத்தோடு நிறுத்துகிற வழக்கம் வந்தது. வலிப்பு வந்துவிட்டவர்களுக்கோ மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மருந்து தேவைப்படும்.

அமன்டடின் என்று ஒரு மருந்து. முதலில் விஷக்காய்ச்சலுக்காக வந்தது. 2012-ல் வெளியான ஆராய்ச்சியில், அடிபட்டு 4 முதல் 16 வாரமாகியும் நினைவு சரியாகத் திரும்பாத 184 பேரில் ஒரு பகுதியினருக்கு இதை 4 வாரம் கொடுத்தார்கள். மருந்து எடுத்த நாட்களில் அவர்கள் சீக்கிரமாகத் தேறினார்கள். நிறுத்தியதும் வேகம் குறைந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். மருந்து கைதூக்கி விட்டது, அவ்வளவே.

மருந்தை நம்பி ஜெபத்தை மறந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி, ஸ்டீராய்டு மருந்தை 30 வருஷத்துக்கு மேல் உலகமெங்கும் தலைக்காயத்துக்குக் கொடுத்தார்கள். கடைசியில் 49 தேசங்களில் 239 ஆஸ்பத்திரிகளில் 10,008 பேரைக் கொண்டு சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 21 பேர். எடுக்காதவர்களில் 18 பேர். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தே ஜீவனைக் குறைத்தது! மூளைக்குச் சத்து என்று நம் கடைகளிலும் விற்கிற சிட்டிகோலினை அமெரிக்காவில் 1,213 பேருக்குச் சோதித்தார்கள். 90 நாள் கொடுத்தும், எடுக்காதவர்களைவிட அவர்கள் தேறினதாகத் தெரியவில்லை. இதுவும் 2012-ல் வெளிவந்தது.

இதை வாசித்து டாக்டர்களைப் பரியாசம் பண்ண வேண்டாம். தாங்கள் நம்பியது தவறு என்று எண்ணிக்கையோடு எழுதி உலகத்துக்கு அறிவித்தவர்களும் அவர்களேதான். மருந்து பிசாசும் இல்லை, தெய்வமும் இல்லை. சிருஷ்டிகரின் கையிலுள்ள சிருஷ்டி அது. சிலது உதவும், சிலது உதவாது, சிலது கெடுக்கும். அதைச் சோதித்து அறியும் புத்தியையும் தேவனே மனுஷருக்குக் கொடுத்தார்.

வேதம் சொல்வது என்ன?

எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் அழுது ஜெபித்தார். கர்த்தர் கண்ணீரைக் கண்டு 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். வாக்குத்தத்தம் கொடுத்தாயிற்று, இனி என்ன வேண்டும்? அப்படியும் அதே ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் (ஏசா. 38:21). வாக்குத்தத்தமும் அடையும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன. நாம் அவற்றைச் சண்டைக்கு நிறுத்துவது ஏன்?

ஆசா ராஜாவின் குற்றம் வைத்தியரைக் கூப்பிட்டதல்ல, வியாதியிலும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மட்டும் தேடினதுதான் (2 நாளா. 16:12). அகசியா ராஜா மேல்வீட்டிலிருந்து விழுந்து வியாதிப்பட்டபோது, பிழைப்பேனா என்று பாகால்சேபூபிடம் கேட்க ஆள் அனுப்பினான் (2 இராஜா. 1:2). கர்த்தர் கோபித்தது அதற்காகவே. ஐத்திகு என்ற வாலிபன் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தபோது பவுல் ஓடிப்போய் அணைத்துக்கொண்டார், ஜீவன் வந்தது (அப். 20). அந்த அற்புதத்தை எழுதினவர் யார்? பவுல் பிரியமான வைத்தியன் என்று அழைத்த லூக்கா! அற்புதம் செய்கிற அப்போஸ்தலனும் வைத்தியனும் ஒரே ஊழியக் குழுவில் பிரயாணம் பண்ணினார்கள்.

நம் தேசத்துக்கு வருவோம். இந்தியாவிலேயே முதல் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவு எங்கே தொடங்கியது தெரியுமா? நமக்கு அருகிலே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ல். தொடங்கினவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. பஹ்ரைன் மிஷன் ஆஸ்பத்திரியில் பால் ஹாரிசன் என்ற மிஷனரி டாக்டரோடு வேலை செய்து, பின்பு கனடாவில் புகழ்பெற்ற வில்டர் பென்பீல்டிடம் பயின்று வந்தவர். மிஷனரிகள் கட்டிய ஆஸ்பத்திரியில், ஒரு கிறிஸ்தவருடைய கையால், நம் ஜனங்களின் உடைந்த தலைகளுக்கு முதல் வாசல் திறந்தது. இதைக் கர்த்தருடைய கிரியை இல்லை என்று யார் சொல்லத் துணிவார்?

நம் எழுப்புதலின் சரித்திரத்திலும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் ஜான் அலெக்சாண்டர் டவி என்பவர் தெய்வீக சுகத்தைப் பிரசங்கித்தார். மருத்துவரையும் மருந்தையும் கடுமையாக எதிர்த்தார். 1905-ல் அவரையே பக்கவாதம் தாக்கியது, 1907-ல் மரித்தார். அவரை நியாயந்தீர்க்க நான் யார்? கர்த்தர் அவரைப் பயன்படுத்தினார். ஆனால் பிற்காலத்தில் வந்த ஓரல் ராபர்ட்ஸ் என்ற சுகமளிக்கும் ஊழியர், ஜெபமும் மருந்தும் ஒன்றாகச் செல்லவேண்டும் என்று 1981-ல் டல்சா நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியையே திறந்தார். அது 1989-ல் மூடப்பட்டது. கட்டடம் நிலைக்கவில்லை, என்றாலும் சுகத்துக்காகக் கைவைத்து ஜெபித்த ஒருவரே ஆஸ்பத்திரி கட்டினார் என்பதை மறக்க வேண்டாம்.

அந்தப் பொறுமை யாருடையது?

இனி சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அதைச் சுற்றிப் போகக் கூடாது.

நம் பக்கத்தில், பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும், விசைத்தறிச் சத்தம் யாருக்கும் புதிதல்ல. தறியில் ஒரு பாகம் வளைந்துபோனால் இழை அறுந்துகொண்டே இருக்கும். எவ்வளவு கைதேர்ந்த நெசவாளியானாலும் துணியில் குறை விழும். மெக்கானிக் வந்து அந்தப் பாகத்தை நிமிர்த்துகிறார். மறுநாள் நல்ல துணி வருகிறது. துணியை நெய்தது மெக்கானிக்கா? நெசவாளிதான் நெய்தார். மெக்கானிக் தடையை நீக்கினார்.

மாத்திரை பொறுமையை உண்டாக்குவதில்லை. கடையில் பொறுமையை அட்டையில் அடைத்து விற்பதில்லை. உள்ளே தீ எரிகிற வேகத்தை அது கொஞ்சம் குறைக்கிறது. முன்பு கோபம் வருவதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை. இப்போது ஒரு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு மூச்சில் என்ன செய்வது என்பது அந்தச் சகோதரனுடையது. அங்கேதான் ஆவியானவர் அவனோடு பேசுகிறார். மாத்திரை சாப்பிட்டும் வேண்டுமென்றே கடுமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. மாத்திரையே தேவைப்படாத, தலையில் அடியே படாத நாம் எத்தனை பேர் வீட்டில் தட்டை எறிகிறோம்! மருந்தே கனியைக் கொடுக்குமானால், நல்ல மூளையுள்ள நாமெல்லாரும் பரிசுத்தவான்களாக அல்லவா இருக்கவேண்டும்?

எலியாவைப் பாருங்கள் (1 இராஜா. 19). கர்மேலில் அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி, சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்டார். கர்த்தர் உடனே பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் கொடுத்தான். அந்தப் போஜனத்தின் பலத்தினாலே 40 நாள் நடந்தபின், ஓரேபில் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டார். "அப்பம் சாப்பிட்டு வந்த பலம் ஆவிக்குரியதா?" என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அப்பத்தை அனுப்பினவரும் பேசினவரும் ஒருவரே என்றுதான் சொல்லியிருப்பார். கண்ணாடி போட்டு வேதம் வாசிக்கிற நம் மூத்த தாய்மாரைப் பார்த்து, "கண்ணாடியைக் கழற்றினால் வசனம் தெரியாதே, அப்போ உங்கள் வேதவாசிப்பு யாருடையது?" என்று நாம் கேட்பதில்லையே.

ஆனாலும் ஒரு கஷ்டம் மிச்சமிருக்கிறது; மறைக்க மாட்டேன். கோபம் காயத்தால் என்றால், சாந்தத்துக்கு மருந்து துணை என்றால், அந்த மனுஷனுக்குச் சொந்தமாக என்னதான் மிஞ்சுகிறது? நான் இதை ஜெபத்தில் வைத்துப் பல நாள் யோசித்தேன். விடை அவன் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் அவனுக்குத் தூக்கம் தூக்கமாக வருகிறது, வாய் உலர்கிறது, பழைய சுறுசுறுப்பு இல்லை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. அப்படியும் தினமும் காலையிலும் ராத்திரியிலும் எடுத்துப் போட்டுக்கொள்கிறான். ஏன் என்று கேட்டேன். "பசங்க என்னைப் பார்த்துப் பயப்படறாங்க பாஸ்டர். அது வேணாம்" என்றான்.

பிரியமானவர்களே, இச்சையடக்கம் என்பது இதுதான்! கலாத்தியர் 5-ல் ஆவியின் கனிகளில் கடைசியாக எண்ணப்பட்டது இதுவே. தன் பெலவீனத்தை ஒத்துக்கொண்டு, தன் பிள்ளைகளின் சமாதானத்துக்காகத் தனக்குப் பிடிக்காத ஒன்றை ஒவ்வொரு நாளும் விழுங்குகிறானே, அந்த விழுங்குதலில் அன்பு இருக்கிறது, தாழ்மை இருக்கிறது. அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுவே: "மாத்திரைக்கு அப்புறம் வர்ற அமைதியில கனியைத் தேடாதீங்கம்மா. மாத்திரையை எடுக்க நீளுற அந்தக் கையில பாருங்க."

அப்படியானால் மாத்திரையை எடுக்கக்கூட நினைவில்லாதவர்கள், பேச்சே திரும்பாதவர்கள்? அவர்களிடம் கனியைக் கணக்குக் கேட்கிறவர்கள் நாமல்ல. நாம் மண்ணால் ஆனவர்கள் என்பதையும் நம் உருவம் இன்னதென்பதையும் அறிந்த பிதா ஒருவர் இருக்கிறார் (சங். 103:14). காயப்பட்ட மூளையின் பெருமூச்சும் அவருக்கு ஜெபமாகக் கேட்கும்.

யாருடைய விசுவாசம், யாருடைய செலவு?

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கூட்டங்களில் ஜெபித்த கையோடு, "மாத்திரையை வீசிடுங்க, விசுவாசத்தோடு போங்க" என்று சொல்லுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக, நிற்காமல் வரலாம். அதில் ஜீவனே போகலாம். இருக்கிற மூளையும் சேதப்படலாம்.

அற்புத சுகம் கிடைத்ததா? ஸ்தோத்திரம்! பத்துக் குஷ்டரோகிகளிடம் ஆண்டவர் செய்யச் சொன்னதைச் செய்யுங்கள். போய் ஆசாரியர்களுக்குத் தங்களைக் காண்பிக்கச் சொன்னார் (லூக். 17:14). அந்நாளில் சுகத்தைப் பரிசோதித்துச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. இன்று டாக்டரிடம் போய்க் காண்பியுங்கள். கர்த்தர் செய்த சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது. டாக்டர் பார்த்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தட்டும். அந்தச் சாட்சி இன்னும் பலமாக இருக்கும்.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்தார்கள், இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்று வேதம் சொல்கிறது (மாற். 2). கவனியுங்கள்: பாரம் அவர்கள் தோளில் இருந்தது. கூரையைப் பிரித்த உழைப்பு அவர்களுடையது. வீட்டுக்காரன் கோபித்தால் பதில் சொல்லவேண்டியதும் அவர்களே. படுத்திருந்தவனுக்கு ஒரு செலவும் இல்லை. நாம் விசுவாசிக்கிறோம் என்று சொல்லி, தீர்மானம் பண்ண முடியாத நிலையில் இருக்கிற ஒருவனுடைய மாத்திரையை நிறுத்தினால் செலவு யாருடையது? நம் விசுவாசத்துக்கு அவனுடைய மூளையை விலையாகக் கொடுக்கிறோம். அது அந்த நான்கு பேருடைய விசுவாசம் அல்ல.

சபையாக நாம் செய்யவேண்டியது

பெத்சாயிதாவில் ஒரு குருடனை ஆண்டவர் இரண்டு தரம் தொட்டார் (மாற். 8). முதல் தரம் தொட்டபோது மனுஷர் மரங்களைப்போலத் தெரிந்தார்கள். மறுபடியும் தொட்டார், தெளிவாகக் கண்டான். ஒரே தொடுதலில் செய்ய அவருக்கு முடியாதா? ஏன் இப்படிச் செய்தார் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் மெதுவாகத் தேறுகிறவர்களுக்காக இதை எழுதிவைத்தார் என்று நான் விசுவாசிக்கிறேன். தலைக்காயம் ஆற மாதங்கள், வருஷங்கள் ஆகும். மரங்களைப்போலத் தெரிகிற அந்த நடுக்காலத்தில் சபை எங்கே இருக்கும்?

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், நம் மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், ஆந்திராவிலிருந்து வந்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசம். நல்ல காரியம், எல்லையில் வாழும் நாம் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 48 மணி நேரத்துக்குப் பின் வரும் 48 மாதத்தை யார் சுமப்பது?

ரிவ்யூவுக்குப் போகிற நாளில் துணைக்கு ஒரு சகோதரன் போகட்டும். சம்பளம் நின்றுபோன வீட்டில் மாத்திரை தீர்ந்துபோகாதபடி சபை பார்த்துக்கொள்ளட்டும். வேளை தவறாமல் எடுக்க ஒருவர் ஞாபகப்படுத்தட்டும். முழு இரவு ஜெபத்துக்கு அவர்களை வற்புறுத்தாதீர்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். உபவாச நாளிலும் மாத்திரை தவறக் கூடாது. சாப்பாட்டை விடலாமா என்று டாக்டரைக் கேட்கட்டும். அடிபட்ட தலைக்கு டிரம்ஸ் சத்தமும் ஸ்பீக்கரும் தாங்காது. கடைசி வரிசையில், கதவோரத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் நடுவில் எழுந்து வெளியே போனால், "ஆராதனையில உட்காரமாட்டேங்கறார்" என்று பேசாதீர்கள். எண்ணெய் பூசி ஜெபிப்பதை (யாக். 5:14) ஒருநாளும் விடவேண்டாம், மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் பூசுங்கள், அடுத்த மாதமும் பூசுங்கள்.

கம்பெனிக்கு பைக்கில் போகும் வாலிபர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட் போடுவது அவிசுவாசம் அல்ல. தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதித்துப் பார்க்கச் சொன்னவன் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இரக்கமுள்ள பிதாவே, எங்கள் நடுவிலே காயப்பட்ட தலையோடு இருக்கிற ஒவ்வொருவரையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். ஒரே தொடுதலில் சுகமாக்கச் சித்தமானால் செய்யும். இரண்டாம் தொடுதலுக்காகக் காத்திருக்கச் சொன்னால், காத்திருக்கிறவனைத் தனியாக விடாத சபையாக எங்களை எழுப்பும். வைத்தியருக்கு ஞானத்தையும், கவனித்துக்கொள்கிற மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் பெலத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்